வசனம் இல்லாத நேரம்

10 நவம்பர் 2024, ஞாயிறு

நடிகர் டெல்லி கணேஷ் நேற்றிரவு சென்னையில் காலமானார். வயது 80. காலையில் எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அவர் முகம்தான். இளசுகள் எல்லாம் 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தின் சாம்பார் மீன் காட்சியை மாற்றி மாற்றி அனுப்பியிருந்தார்கள். பழைய ஆள் ஒருவர் மட்டும் 'பசி' என்று அவர் நடித்த படத்தின் பெயரை ஒற்றைச் சொல்லாகப் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மனைவியிடம் சொன்னேன். "யாரு?" என்றாள். படத்தைக் காட்டியதும், "ஐயோ, செல்லமேல வருவாரே, அவரா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சியில் சன் டிவி ஓடிய சாயங்காலங்களில் 'கஸ்தூரி', 'செல்லமே' என்று சீரியல் சீரியலாக வருடக்கணக்கில் அந்த மனிதர் கோலாலம்பூரில் எங்கள் செராஸ் வீட்டுக் கூடத்துக்கு வந்துபோயிருக்கிறார். "பேரு தெரியாமலே இத்தனை வருசமா வீட்டுக்குள்ள விட்டிருக்கேன் பாருங்க" என்றாள்.

11 நவம்பர், திங்கள்

விமானப்படையிலிருந்து வந்து அவருக்கு மரியாதை செலுத்தியதைக் கைப்பேசியில் பார்த்தேன். குழுவில் ஒரு தம்பி, "அங்கிள், இவருக்கு எதுக்கு ஏர்ஃபோர்ஸ்காரங்க?" என்று கேட்டான். மதிய உணவு நேரத்தில் உட்கார்ந்து பதில் எழுதினேன்.

1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் இருந்தபோது தட்சிண பாரத நாடக சபாவில் தமிழ் நாடகம் போட்டார். அப்புறம் சென்னையில் காத்தாடி ராமமூர்த்தியின் குழு. விசுவின் 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை பாலசந்தர் 1977-ல் படமாக எடுத்தபோது சினிமாவுக்குள் நுழைந்தார். பிறந்தது தெற்கே வல்லநாட்டில், பெயரில் ஒட்டிக்கொண்டது டெல்லி. அதுவும் பாலசந்தர் வைத்ததுதான்.

அப்போதே வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அந்த வயதில் வருபவனைச் சினிமா மரத்தைச் சுற்றிப் பாட விடாது. அப்பா, மாமா, குமாஸ்தா, சமையல்காரர், இவ்வளவுதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு நானூறுக்கும் மேற்பட்ட படங்கள். தம்பி ஒரு கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினான். சரி, படித்தானே.

13 நவம்பர், புதன்

பிரிக்பீல்ட்ஸில் மாடி அறையில் ஒத்திகை. வெளியே கொட்டித் தீர்த்த மழை, உள்ளே குளிர்சாதனம் வேலை செய்யவில்லை.

நாடகத்தில் என் வேடம் சின்னத் தாத்தா. மூன்றாம் காட்சியில் குடும்பமே வீட்டை விற்பதா வேண்டாமா என்று கத்துகிறது. நான் மேசையருகே உட்கார்ந்திருக்கிறேன். காட்சி முழுவதற்கும் எனக்கு நாலே வரி வசனம். மீதி நேரம் என்ன செய்வது என்று கேட்டேன். இயக்குநருக்கு என் மகள் வயது. "சும்மா உட்காருங்க அங்கிள், அது போதும்" என்றாள்.

சும்மா உட்காருவது லேசான காரியமா? மேடையில் சும்மா இருப்பவன் ஒன்று பொம்மையாகத் தெரிவான், இல்லை தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கும் நடிகனாகத் தெரிவான். பெரியண்ணனாக நடிப்பவர் முழங்கியபோது நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப் போல இருந்திருப்பேன்.

16 நவம்பர், சனி

இரவு 'சிந்து பைரவி' போட்டுப் பார்த்தேன். 1985-ல் வந்தது. டெல்லி கணேஷ் இதில் மிருதங்கக்காரர் குருமூர்த்தி. குடிப்பழக்கத்தால், சிவகுமார் நடித்த பாடகர் ஜே.கே.பி.யிடம் அவமானப்படுபவர். சிவகுமார் பேசுவதைக் கணேஷ் எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினேன். முகத்தைச் சுளிக்கவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. குற்றவாளிக்கே உரிய ஒரு பணிவு, அதற்கு அடியில் கொஞ்சம் திருட்டுத்தனம். பின்னால் ஜே.கே.பி.யே குடியில் விழும்போது இந்த ஆள் நம் நினைவுக்கு வருகிறார் என்றால், அன்று அந்த இடத்தில் அவர் சரியாக நின்றதால்தான்.

அப்படியே 'காதலிக்க நேரமில்லை' பக்கமும் போனேன். நாகேஷ் கதை சொல்ல, பாலையா கேட்கும் காட்சி. 1964-ல் எடுத்தது, இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. எல்லாரும் நாகேஷைத்தான் சொல்வார்கள். பாலையாவை எடுத்துவிட்டு அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். சொல்பவனுக்குத் தெம்பே கேட்பவனின் பயத்தில்தான் இருக்கிறது. கொலிசியம் தியேட்டரில் தமிழ்ப்படம் பார்த்த வயதில் எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நாயகனைப் பார்ப்போம், சண்டையைப் பார்ப்போம், வீட்டுக்கு வருவோம்.

17 நவம்பர், ஞாயிறு

நேற்றைய பைத்தியம் இன்னும் விடவில்லை. 'நாயகன்' (1987) ஐயர், 'அபூர்வ சகோதரர்கள்' (1989) பிரான்சிஸ் அன்பரசு. அதில் நாகேஷ், ஜெய்சங்கர், நாசர் ஆகியோரோடு நாலு வில்லன்களில் ஒருவர். அடுத்த வருடமே 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் அதே கமலுக்குப் பாலக்காட்டுச் சமையல்கார அப்பா. 1990-ல் மணி ஐயரைப் பார்த்துச் சிரித்தவர்கள் யாரும் அன்பரசுவை நினைத்திருக்க மாட்டார்கள்.

நான் கவனித்தது இதுதான். ஒவ்வொரு படத்திலும் அவருக்கு ஒரு தொழில் இருக்கிறது. வேடத்தின் பெயர் இல்லை, தொழில். மிருதங்கம் வாசிப்பவராக வந்தால் இவர் வாசித்துத்தான் சோறு தின்கிறார் என்று தோன்றும். சமையல்காரராக வந்தால் கல்யாண வீட்டுப் புகை சட்டையில் ஏறியிருக்கும். துரை இயக்கிய 'பசி'யில் (1979) சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவர். ஷோபாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அதில் அந்தப் பெண்ணின் அப்பா இவர். தமிழக அரசின் சிறப்புப் பரிசு இவருக்குக் கிடைத்தது. ரிக்‌ஷாவை விட்டு இறங்கி நிற்கும்போதும் கால் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிற அலுப்பு உடம்பில் தெரிகிறது.

வசனம் இல்லாத நேரத்தில் இந்த மனிதர்கள் தங்கள் பிழைப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அவர்களுக்குச் 'சும்மா' என்று ஒரு நேரமே கிடையாது.

21 நவம்பர், வியாழன்

வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு ஒரு டெலிமூவி படப்பிடிப்பு. காஜாங் பக்கம் ஒரு தரை வீடு. பெண்ணின் அப்பா வேடம், வழக்கம்போல.

டிவியில் வேறு மாதிரிக் கூத்து. மகளாக நடிக்கும் பெண்ணுக்கு வேறு ஒரு கால்ஷீட், அவள் பகுதியை எடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கேமராவை என் பக்கம் திருப்பினார்கள். ஓடிப்போகப் போகிறேன் என்று மகள் சொன்னதும் என் முகம் எப்படி மாறுகிறது, அது வேண்டும். மகள்தான் இல்லையே. லைட் ஸ்டாண்டில் ஒரு நீல டேப்பை ஒட்டி, "இதுதாண்ணே உங்க மக" என்றான் உதவி இயக்குநர். அவனே மகளின் வசனத்தையும் படித்தான், இடையில் கொட்டாவி விட்டுக்கொண்டு.

மேடையில் இரண்டு மணி நேரமும் ஆள் முழுசாகத் தெரிகிறான், எங்கே பார்ப்பது என்பதைச் சனம் முடிவு செய்கிறது. சினிமாவில் அதை இயக்குநர் முடிவு செய்கிறார். சீரியலில் மூன்று தடவை முகத்தை இழுத்துக் காட்டி, இசையையும் போட்டு, நடிகன் செய்யவேண்டியதைக் கருவியே செய்துவிடுகிறது. அங்கே போய் நாமும் சேர்த்துச் செய்தால் இரட்டிப்பாகிவிடும். டெல்லி கணேஷ் சீரியலில் குறைத்தே செய்தது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நீல டேப்பைப் பார்த்தபோது இன்னொன்று ஞாபகம் வந்தது. '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தது கணேஷ்தான். இன்னொருவர் உதட்டை மட்டும் பார்த்து, அவர் மூச்சுக்குத் தன் மூச்சை ஒட்டவைக்கிற வேலை. அதைச் செய்தவருக்கு எதிரே ஆள் இருந்தால் என்ன, டேப் இருந்தால் என்ன.

காசு எப்போது வரும் என்று கேட்கவில்லை. போன தடவை வேறு ஒரு கம்பெனியில் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

27 நவம்பர், புதன்

ஒத்திகைக்கு நெத்திலிக் கருவாடு கொண்டுபோனேன்.

சின்னத் தாத்தாவுக்கு ஒரு பிழைப்பு வேண்டும் என்று பல நாளாக யோசனை. தோட்டத்தில் இருந்து வந்தவர், மருமகளுக்கு ஒத்தாசையாக ஏதாவது செய்யாமல் இருக்க மாட்டார். மேசையில் பழைய பேப்பரை விரித்து, நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, உடம்பை ஒரு தட்டில் போட்டுக்கொண்டே உட்கார்ந்தேன். வீட்டை விற்கும் சண்டை தானாகக் காதில் விழுந்தது. என் பெயர் வந்த இடத்தில் கை தானாக நின்றது. நான் நிறுத்தவில்லை.

இயக்குநர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அங்கிள், முன்வரிசை எழுந்து ஓடிடும்" என்றாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பெரியண்ணன் வேடக்காரருக்குத்தான் கோபம். "நான் உசிரக் குடுத்துப் பேசுறேன், எல்லாரும் உன் கையைப் பார்த்தா என்னய்யா அர்த்தம்?" நியாயமான கேள்வி. பக்கத்தில் நிற்பவன் பேசுகிறவனிடமிருந்து காட்சியைத் திருடுவது ஒரு வியாதி, நம் ஊர் மேடையில் நிறைய உண்டு. துண்டை உதறுவது, இருமுவது, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது. கைதட்டல் கிடைக்கும், நாடகம் செத்துவிடும். கமலோடு அத்தனை படங்களில் நின்ற டெல்லி கணேஷ் ஒரு இடத்திலும் குறுக்கே வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. படம் எழுதுகிறவர்கள் அவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

பெரியண்ணன் பேசும்போது கையின் வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் மட்டும் ஒரு நெத்திலி. இரண்டாவது தடவை ஓட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

7 டிசம்பர், சனி

நாடகம் முடிந்தது. கூட்டம் பரவாயில்லை, மழைக்குப் பயந்து சிலர் வரவில்லை. முன்வரிசையில் யாரும் ஓடவில்லை. ஒரு பாட்டி மட்டும் மூன்றாம் காட்சி நடுவிலேயே, "தலையக் கிள்ளுறான் பாரு, ஒழுங்கா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். பெரியண்ணன் அதையும் தாண்டிப் பேசி முடித்தார். அந்தக் கடைசிப் பேச்சின்போது நான் கையை முழுக்கவே நிறுத்திவிட்டேன், அது ஒத்திகையில் இல்லாதது.

முடிந்ததும் மாமாக் கடையில் எல்லாரும் தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய டீ. பெரியண்ணன் வேடக்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஈப்போல போடும்போது பெரிய நெத்திலியா வாங்குய்யா. இது பின்வரிசைக்குத் தெரியல" என்றார். ஈப்போவுக்கு மேசையை எந்த வேனில் ஏற்றுவது என்று இயக்குநர் கணக்குப் போட ஆரம்பித்தாள். மேசை பெரிசு, வேன் சின்னது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.