ஏழில் ஒரு பங்கு: ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ்

ஆடியது இரண்டே சீசன். 168 லீக் ஆட்டங்களில் 67 வெற்றி, 101 தோல்வி. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1974 முதல் 1976 வரை இருந்த ஸ்பிரிட்ஸ் ஆஃப் செயின்ட் லூயிஸ் கூடைப்பந்து அணியின் ஆடுகளக் கணக்கு இவ்வளவுதான். அணி கலைந்த பிறகு தொடங்கிய பணக்கணக்கு மட்டும் பல பத்தாண்டுகள் ஓடியது.

ஆஸி ஸில்னா, டான் ஸில்னா என்ற சகோதரர்கள் ஜவுளித் தொழிலில் சம்பாதித்தவர்கள். அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீக்கில் நொடித்துக்கொண்டிருந்த கரோலினா கூகர்ஸ் அணியை 1974-ல் வாங்கி செயின்ட் லூயிஸுக்கு மாற்றினார்கள். ஹாக்ஸ் அணி 1968-ல் அட்லாண்டாவுக்குப் போனதிலிருந்து அந்த ஊரில் தொழில்முறைக் கூடைப்பந்து இல்லை. காலியிடம் என்று பார்த்தால் சரியான தேர்வு. ஆனால் ஏற்கெனவே ஓர் அணி ஏன் கிளம்பிப் போனது என்ற கேள்வியும் அங்கேயே கிடந்தது. பெரிய அரங்கம் பெரும்பாலும் காலியாகவே இருந்தது. ஏபிஏவுக்குச் சொல்லிக்கொள்ளும்படி தேசியத் தொலைக்காட்சி ஒப்பந்தமும் கிடையாது. டிக்கெட் விற்காவிட்டால் வேறு வருமானம் இல்லை.

திறமைக்குப் பஞ்சமே இல்லை. முதல் சீசனில் மார்வின் பார்ன்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 24 புள்ளி, 15-க்கும் மேல் ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்து ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார். ஆனால் அதே சீசனின் தொடக்கத்தில், ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லி அணியை விட்டுக் கிளம்பியவரும் அவர்தான். 32 வெற்றி, 52 தோல்வியோடு, லீக் ஆட்டங்களுக்குப் பிந்தைய பட்டச் சுற்றான பிளேஆஃபுக்குள் நுழைந்த அந்த அணி, நட்சத்திர வீரர் ஜூலியஸ் எர்விங் ஆடிய நடப்புச் சாம்பியன் நியூயார்க் நெட்ஸை 4-1 என்று வீழ்த்தியது. லீக் ஆட்டங்களில் நெட்ஸிடம் ஒருமுறைகூட ஜெயிக்காத அணி இது! அடுத்த சுற்றில் கென்டக்கி கர்னல்ஸிடம் 1-4 என்று தோற்றது.

இரண்டாம் சீசனில் லீக்கே சரிந்தது. பால்டிமோர் கிளாஸ் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடாமல் மூடப்பட்டது. சான் டியேகோ செயில்ஸ் 11 ஆட்டங்களோடும், யூட்டா ஸ்டார்ஸ் 16 ஆட்டங்களோடும் நின்றன. யூட்டாவிலிருந்து மோசஸ் மலோன் ஸ்பிரிட்ஸுக்கு வந்தார். பின்னாளில் என்பிஏவின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை மூன்று முறை வென்றவர். அவர் வந்தும் 35 வெற்றி, 49 தோல்வி, பிளேஆஃப் இல்லை. சீசன் நடுவில் பயிற்சியாளர் ராட் தார்ன் போய் ஜோ முல்லேனி வந்தார். அதற்கு முன்பே வீரர் மாரிஸ் லூகாஸைக் கென்டக்கிக்குக் கொடுத்து கால்ட்வெல் ஜோன்ஸை வாங்கியிருந்தார்கள். என் கணிப்பில் அணியை உள்ளிருந்து அரித்தது இந்த ஓயாத மாற்றம்தான். ஐந்து பேர் சேர்ந்து ஆடிப் பழகவே அவகாசம் கிடைக்கவில்லை.

1976 கோடையில் ஏபிஏ கலைந்தது. அதிலிருந்து என்பிஏ நான்கு அணிகளை மட்டும் சேர்த்துக்கொண்டது: நெட்ஸ், நகெட்ஸ், பேசர்ஸ், ஸ்பர்ஸ். ஒவ்வொன்றும் 32 லட்சம் டாலர் கட்ட வேண்டும். வெளியே நின்ற கென்டக்கி, செயின்ட் லூயிஸ் இரண்டையும் சமாதானம் செய்யும் பொறுப்பு அந்த நான்கு அணிகளின் தலையில் விழுந்தது. கென்டக்கி உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன் மொத்தமாக 30 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு ஒதுங்கினார். ஸில்னாக்களும் அவர்களது வழக்கறிஞர் டொனால்ட் ஷுபாக்கும் கேட்டது வேறு: கையில் 22 லட்சம் டாலர், கூடவே நான்கு அணிகளும் பெறும் தொலைக்காட்சிப் பணத்தில் ஏழில் ஒரு பங்கு.

கணக்கைப் பாருங்கள். ஓர் அணிக்கு 7 டாலர் வந்தால் அதில் 1 டாலர் இவர்களுக்கு. நான்கு அணிகள் என்றால் 4 டாலர். சொந்த அணி இல்லாமலே ஓர் அணியின் பங்கில் பாதிக்கு மேல், வீரர் சம்பளம், அரங்க வாடகை எதுவும் இல்லாமல். காலவரையறை? லீக் இருக்கும்வரை. கொடுத்தவர்களுக்கு அன்று இது உறுத்தவில்லை. ஏனென்றால் முதல் சில ஆண்டுகளுக்கு அந்த நான்கு அணிகளுக்கே என்பிஏ தொலைக்காட்சிப் பங்கு கிடையாது. தொகையும் அப்போது சிறியது. இல்லாத பணத்தில் பங்கு கொடுப்பது சுலபமாகத் தெரிந்தது. உச்சவரம்பும் வைக்கவில்லை, எந்தத் தேதிக்குள் திரும்ப வாங்கலாம் என்ற ஷரத்தும் வைக்கவில்லை. இவ்விரண்டில் ஒன்று இருந்திருந்தால்கூடப் போதும்.

பணம் 1980-81 சீசனிலிருந்து வரத் தொடங்கியது. 1982-ல் 50 லட்சம் டாலர் தருகிறோம், முடித்துக்கொள்ளலாம் என்று என்பிஏ கேட்டது. ஸில்னாக்கள் 80 லட்சம் கேட்டார்கள். பேச்சு முறிந்தது. அதன்பின் மைக்கேல் ஜோர்டன் காலம் வந்தது, கேபிள் தொலைக்காட்சி வளர்ந்தது. 2010-11 சீசனுக்கு மட்டும் இவர்கள் பங்கு சுமார் 1.7 கோடி டாலர்.

'தொலைக்காட்சி வருமானம்' என்பதில் வெளிநாட்டு ஒளிபரப்பும் இணையமும் சேருமா என்ற சண்டை நீதிமன்றம் வரை போனது. 1976-ல் எழுதியவர்கள் மனத்தில் இணையம் எப்படி இருந்திருக்கும்? 2014 ஜனவரியில் உடன்பாடு ஏற்பட்டது: உடனடியாக 50 கோடி டாலர். அதுவரை பெற்றதே சுமார் 30 கோடி. அப்போதும் பங்கு முழுதாக அற்றுப்போகவில்லை. சிறு பகுதி ஒரு புதிய கூட்டு ஏற்பாட்டின்கீழ் தொடர்ந்தது. அதைப் பின்னாளில் விலை கொடுத்து முடித்துக்கொள்ள, இந்த முறை ஒரு ஷரத்தை மறக்காமல் சேர்த்தார்கள்.