வானவில் கொடி வீழ்ந்த குன்று

ஜெர்மனியின் தூரிங்கியா மாநிலத்தில் உள்ள பாட் ஃபிராங்கன்ஹௌசன் என்ற சிற்றூருக்கு ஒரு மே மாதத்தின் நடுவில் செல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பிரபுக்களுக்கு எதிராகக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்த ஜெர்மன் குடியானவர் போரின்போது, 1525ஆம் ஆண்டு மே 15 அன்று, அவ்வூருக்கு மேலே உள்ள குன்றில், குடியானவர்களும் கைவினைஞர்களும் உப்புக் காய்ச்சும் தொழிலாளர்களுமாக ஏறத்தாழ 8,000 பேர் தங்கள் வண்டிகளை வளையமாக நிறுத்தி அரண் அமைத்துக் காத்திருந்தார்கள். அன்று மாலைக்குள் அவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

இந்தப் பயணத்தை நான் தெற்கே மெம்மிங்கன் நகரில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. குடியானவர்களின் பிரதிநிதிகள் 1525 மார்ச்சில் கூடிய வணிகர் சங்க மாளிகை அங்கே இன்றும் நிற்கிறது. விலங்குத்தோல் ஆடை தைக்கும் தொழிலாளியான செபாஸ்டியன் லோட்சரும் போதகர் கிறிஸ்டோஃப் ஷாப்பலரும் சேர்ந்து உருவாக்கியதாகக் கருதப்படும் 12 கோரிக்கைகள் அந்நகரில்தான் பிறந்தன; சில வாரங்களிலேயே அவை பல நகரங்களில் 20க்கும் மேற்பட்ட பதிப்புகளாக அச்சேறின. தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை, தானியத்தில் பத்தில் ஒரு பங்காக எடுக்கும் தசமபாகத்தில் போதகருக்குப் போக எஞ்சியதை ஏழைகளுக்குத் தருதல், காட்டு விறகிலும் ஆற்று மீனிலும் பங்கு, பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்யும் கட்டாய வேலைக்கு வரம்பு, பிரபுக்கள் கவர்ந்துகொண்ட பொது மேய்ச்சல் நிலங்களைத் திருப்பித் தருதல், குடும்பத் தலைவன் இறந்ததும் விதவையிடமும் அநாதைகளிடமும் பறிக்கப்பட்ட சாவு வரியை ஒழித்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

இவற்றுள் மூன்றாவது கோரிக்கையை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. மேய்ப்பன் முதல் மிக உயர்ந்தவர் வரை எவரையும் விலக்காமல் கிறிஸ்து தம் இரத்தத்தால் மீட்டிருக்கும்போது, தங்களை மட்டும் பிரபுவின் உடைமையாக வைத்திருப்பது எப்படித் தகும் என்று அது கேட்கிறது. சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1522இல்தான் ஜெர்மன் மொழியில் வெளிவந்திருந்தது. கடைசிக் கோரிக்கையோ, இவற்றில் ஏதேனும் இறைவார்த்தைக்கு முரணானது என்று வேதத்திலிருந்தே காட்டினால் அதைக் கைவிட்டுவிடுகிறோம் என்று வாக்களிக்கிறது. இதை வெறும் வயிற்றுக் கலகம் என்று எழுதிச் செல்பவர்கள் இந்தப் பன்னிரண்டாம் கோரிக்கையை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

லூதர் மறுமொழி எழுதத்தான் செய்தார். பிரபுக்களின் பேராசையைக் கடுமையாகக் கண்டித்த அவர், மூன்றாவது கோரிக்கை கிறிஸ்தவ விடுதலையை உடல் சார்ந்ததாக மாற்றிவிடுகிறது என்றும், ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்கள் என்றும் வாதிட்டார். மே மாதத்தில் எழுதிய அடுத்த நூலில், கலகக்காரர்களை வெட்டிக் கொல்லுமாறே ஆட்சியாளர்களைத் தூண்டினார். ஆன்மாவுக்குக் கிடைத்த விடுதலை முதுகில் ஏற்றிய சுமைக்கும் பொருந்துமா என்ற அந்த ஒற்றைக் கேள்வியில்தான் அந்தப் போர் முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பொருந்தும் என்று தூரிங்கியாவில் முழங்கியவர் தாமஸ் முன்ட்சர். ஆல்ஷ்டெட் ஊரில் வழிபாட்டை லத்தீனிலிருந்து ஜெர்மன் மொழிக்கு மாற்றிய அந்தப் போதகர், பின்னர் ம்யூல்ஹௌசனிலிருந்து சுமார் 300 பேருடன் இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தார்.

உப்பும் ஜிப்சமும் கரைந்து அடிநிலம் உள்வாங்கியதால் சாய்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரத்தைக் கடந்து குன்றின்மீது ஏறினேன். உச்சியில் உள்ள வட்டவடிவ அருங்காட்சியகத்தினுள், வெர்னர் ட்யூப்கே வரைந்த 14 மீட்டர் உயரமும் 123 மீட்டர் நீளமும் கொண்ட ஓவியம் பார்ப்பவரைச் சுற்றி வளைக்கிறது. கிழக்கு ஜெர்மனி அரசின் முயற்சியில் உருவான இவ்வருங்காட்சியகம், பெர்லின் சுவர் திறக்கப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, 1989 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அரசு எதிர்பார்த்தது சோசலிச வெற்றியின் முன்னோட்டமாக இருக்கலாம்; ஓவியர் வரைந்தது துயரத்தை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களுக்கிடையே, வானவில்லின் கீழே, தாழ்த்திய கொடியுடன் முன்ட்சர் தனியாக நிற்கிறார். அந்த முகத்தைப் பார்த்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தேன்.

வானவில் ஓவியரின் கற்பனையன்று. நோவாவுடன் கடவுள் செய்த உடன்படிக்கையின் அடையாளமாக, முன்ட்சரின் கூட்டத்தினர் வெள்ளைப் பட்டில் வானவில்லைத் தீட்டி, கடவுளின் வார்த்தை என்றென்றும் நிலைத்திருக்கும் என்ற வாசகத்தை எழுதிய கொடியை ஏந்தியிருந்தார்கள். போருக்கு முன் சூரியனைச் சுற்றி ஒளிவட்டம் தோன்றியபோது, கடவுள் தங்கள் பக்கம் நிற்கிறார் என்று நம்பினார்கள். எதிரே நின்றவர்கள் கத்தோலிக்கரான சாக்சனியின் கோமகன் ஜார்ஜும், லூதரின் போதனையை ஏற்றிருந்த ஹெஸ்ஸேயின் பிலிப்பும். மாமனாரும் மருமகனுமான அவ்விருவரையும் சமயம் பிரித்திருந்தாலும், குடியானவர்களுக்கு எதிராக அவர்கள் ஒன்றாகவே வந்தார்கள். பீரங்கிகள் முழங்கியதும் வண்டி அரண் சிதறியது. முன்ட்சர் ஊருக்குள் பிடிபட்டு, ஹெல்ட்ருங்கன் கோட்டையில் சித்திரவதைக்கு உள்ளாகி, மே 27 அன்று ம்யூல்ஹௌசன் அருகே தலை வெட்டப்பட்டு இறந்தார்.

மறு ஆண்டு, 1526இல், ஷ்பயர் நகரில் கூடிய பேரரசு மன்றத்துக்குச் சென்ற பிலிப்பின் பணியாளர்கள் அணிந்திருந்த உடையின் கைப்பகுதியில், அந்தக் கொடியில் இருந்த அதே வாசகத்தின் முதலெழுத்துகள் தைக்கப்பட்டிருந்தன.

தப்பி ஓடியவர்கள் ஊரை நோக்கி இறங்கிய சரிவுக்கு இரத்தக் கால்வாய் என்று பெயர். அவ்வழியே நானும் இறங்கினேன். புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. ஊரின் முதல் வீடுகள் அங்கிருந்தே கண்ணுக்குத் தெரிந்தன.