மகனின் வலது கால்: பிளாஸ்டர் ஒன்பது கிழமை, சப்பாத்து நாலு வருடம்

மகன் பிறந்த அன்றே கண்டுவிட்டேன். இடது கால் எல்லாப் பிள்ளைகளின் கால் மாதிரித்தான், வலது பாதம் மட்டும் உள்ளே மடங்கி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்தபடி கிடந்தது. பிள்ளை பிறந்த இடத்தில் கேட்டதற்கு, வயிற்றுக்குள் இடம் போதாமல் இருந்திருக்கும், எண்ணெய் பூசி நீவிவிடுங்கள், சரியாகிவிடும் என்றார்கள். நானும் நம்பி வீட்டுக்கு வந்தேன். ஒரு மாதம் நீவினேன், ஒன்றும் ஆகவில்லை.

எங்கள் வீடு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட. மாமி நல்லவதான், ஆனால் பிள்ளையின் காலைக் கண்டதும் முதலில் கேட்டது, "புள்ள, கிரகணத்துக்க வெளிய வந்தியா?" என்றுதான். நான் வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தும் இரவில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு மாதமாக யோசித்துப் பார்த்தேன், என்ன தின்றேன், எங்கே விழுந்தேன், எதைத் தூக்கினேன் என்று. இதை வாசிக்கிற தாய் யாராவது அப்படி யோசித்துக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு டொக்டர் சொல்லித்தான் எனக்கும் தெரியும், ஆயிரம் பிள்ளைகளுக்கு ஒன்று என்ற அளவில் இப்படிப் பிறக்கிறதாம், ஆண் பிள்ளைகளுக்குத்தான் கூட, காரணம் இதுதான் என்று இன்னும் ஒருவராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லையாம். கிரகணத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

எங்களைக் காப்பாற்றியது மிட்வைவ் மிஸ்தான். நிறை பார்க்கப் போன இடத்தில் பிள்ளையின் பாதத்தைப் பிடித்து மெதுவாக வெளியே திருப்பி மேலே தள்ளிப் பார்த்தா. வரவில்லை. "வயித்துக்குள்ள மடங்கி இருந்த கால் எண்டா கையால திருப்பினா லேசா நேராகும், இது ஆகுதில்ல, இது வளைபாதம், நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கிளினிக் கொப்பியிலும் எழுதித் தந்தா. பிறந்து ஒன்றிரண்டு கிழமையிலேயே தொடங்கினால் நல்லது என்றும் சொன்னா. அப்போது மகனுக்கு ஐந்து கிழமை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் எலும்பு கிளினிக் வாங்கில் இருந்தபோது எனக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது, வெட்டி ஒப்பரேஷன் செய்வார்கள் என்றுதான் நினைத்தேன். டொக்டர் அப்படி இல்லை என்றார். பொன்செட்டி என்று ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த ஒரு டொக்டர் கொண்டுவந்த முறையாம். பாதத்தை ஒவ்வொரு கிழமையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, திருப்பின இடத்திலேயே பிடித்து, விரலிலிருந்து தொடைவரை பிளாஸ்டர் போடுவது. முழங்காலை மடக்கித்தான் போடுவார்கள், நேராகப் போட்டால் பிள்ளை உதைத்துக் கழற்றிவிடும். போடும்போது பாலைக் குடுங்கள் என்றார்கள், மடியில் போட்டுப் பால் கொடுத்தால் பாதி வேலை முடிந்துவிடும், உண்மையாகவே அழவில்லை.

கஷ்டம் வீட்டில்தான். கச்சான் காற்று வீசுகிற காலம், பெரியவர்களுக்கே உடம்பில் சீலை ஒட்டும், அவனுக்குக் கால் முழுக்கப் பிளாஸ்டர். குளிப்பாட்ட முடியாது, துணி நனைத்துத் துடைக்க வேண்டும், சலம் பட்டுவிடாமல் பார்க்க வேண்டும். விரல்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள், அழுத்திவிட்டால் வெளுத்து உடனே சிவக்க வேண்டும், நீலமாகினாலோ வீங்கினாலோ அடுத்த கிளினிக் வரை காத்திருக்காமல் ஓடிவர வேண்டும். விரல் உள்ளே போய் மறைந்துவிட்டாலும் அப்படித்தான், பிளாஸ்டர் வழுகிவிட்டது என்று அர்த்தம்.

நான் செய்த முதல் பிழை இரண்டாவது பிளாஸ்டரில். விடிய முதல் பஸ்ஸைப் பிடித்து மண்முனைப் பாலத்தால் போகவேண்டுமே, காலையில் ஊறவைக்க நேரம் கிடையாதே என்று முதல்நாள் இரவே சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழற்றிவிட்டேன். டொக்டர் ஏசவில்லை, ஆனால் விளங்கப்படுத்தினார்: ஒரு இரவு சும்மா விட்டாலே கால் பழைய பக்கத்துக்கு இழுக்கத் தொடங்கிவிடுமாம். பிறகு கிளினிக்கிலேயே கழற்றுகிற மாதிரிக் கேட்டுக்கொண்டேன். தூர இடத்திலிருந்து போகிறவர்கள் இதை முதல் நாளே கேளுங்கள், கேட்டால் செய்து தருவார்கள்.

ஐந்து பிளாஸ்டரில் பாதம் நேராக வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் குதிக்கால் மட்டும் மேலேயே நின்றது, பின்னங்காலில் இருக்கிற பெரிய நரம்பு, அதாவது தசைநார், இறுக்கமாக இருப்பதால் பாதம் மேலே மடங்கவில்லை. விறைக்க ஊசி போட்டு அதை ஒரு சின்ன வெட்டில் அறுத்துவிட்டார்கள், தையல்கூட இல்லை. அதன்மேல் மூன்று கிழமை பிளாஸ்டர், அதற்குள் நரம்பு நீண்டு தானாகச் சேர்ந்துவிடும். இந்தப் பிள்ளைகளில் கனபேருக்கு இது தேவைப்படுமாம். கால் திரும்ப மடங்காமல் பிடித்துவைக்கிற சப்பாத்து வரப் பிந்தியதால் நாலாம் கிழமையும் பிளாஸ்டரோடேயே வைத்திருந்தோம்.

அப்புறம்தான் சப்பாத்து. இரண்டு சப்பாத்தையும் ஒரு கம்பியில் பூட்டியிருக்கும், வலதை நன்றாக வெளியே திருப்பி, இடதைக் கொஞ்சமாக. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், அதன்பிறகு இரவும் பகல் தூக்கமும், நாலு வயது வரை. முதல் மூன்று இரவு மகனும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. ஏணையில் போட முடியாது, பாயில்தான். தனித்தனியாக உதைக்கப் பார்ப்பான், முடியாமல் கத்துவான். கம்பியைப் பிடித்து இரண்டு காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டச் சொன்னா ஒரு நேர்ஸ் மிஸ், நாலைந்து நாளில் அவனே சேர்த்து உதைக்கப் பழகிவிட்டான். கம்பியில் துணி சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நெஞ்சில்தான் அடிபடும். தோல் கொஞ்சம் சிவந்தால் பயப்படத் தேவையில்லை, கொப்புளம் வந்தால் குதிக்கால் அடிவரை இறங்காமல் சப்பாத்து வழுகுகிறது என்று அர்த்தம். அதற்கு வாரை இறுக்கிச் சரியாகப் போட வேண்டும், கழற்றி வைக்கக்கூடாது.

கழற்றி வைத்தோம் நாங்கள். அதுதான் இதை எழுதுகிற காரணம்.

அவனுக்கு ஒன்றேகால் வயது, நடக்கிறான், பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு வீடு நிறையச் சொந்தக்காரர். இரவில் சப்பாத்தைப் போட்டால் அழுகிறான், "கால்தான் நேராகிட்டே, ஏன்டி புள்ளய வதைக்காய்" என்று பெரியம்மா கேட்கிறா, மாமியும் பாவம் பார்க்கிறா. ஒரு இரவு விட்டேன். பிறகு இரண்டு கிழமை. பிறகு ஒரு மாதம். ஒருநாள் முற்றத்தில் நடந்துவரும்போது இவர்தான் கண்டார், வலது கால் வெளிவிளிம்பில் ஊன்றுகிறது, முன்பாதம் உள்ளே திரும்புகிறது.

திரும்பவும் இரண்டு பிளாஸ்டர். நடக்கப் பழகின பிள்ளைக்குப் பிளாஸ்டர் போடுவது கைக்குழந்தைக்குப் போடுவது போல இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தான், அந்தப் பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை. வளைபாதம் திரும்ப வருவதற்குப் பெரிய காரணம் சப்பாத்தை நிறுத்துவதுதான் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார், நான் தலையாட்டியும் இருந்தேன். அன்று மாமியையும் கிளினிக்குக் கூட்டிப்போயிருந்தேன், டொக்டர் அவவுக்கும் பாதத்தைத் தொட்டுக்காட்டி விளங்கப்படுத்தினார். அதன்பிறகு சப்பாத்து போடுவது மாமியின் வேலை, ஒரு இரவும் தவறவில்லை. வீட்டில் பிள்ளையைத் தூக்குகிற எல்லோரையும் ஒருமுறையாவது கூட்டிப்போங்கள்.

இப்போது மகனுக்கு மூன்று வயதும் நாலு மாதமும். ஓடுகிறான், பந்து உதைக்கிறான், வலது காலாலும்தான். வலது கெண்டைக்கால் இடதைவிடக் கொஞ்சம் மெலிவு, பாதமும் சிறிது, செருப்பு வாங்கும்போதுதான் தெரியும். அது அப்படியே இருக்கும் என்றார்கள், நடைக்கு ஒன்றும் இல்லை. இரவு எட்டு மணியானால் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு மாமியிடம் போய்க் காலை நீட்டுகிறான். இன்னும் எட்டு மாதம்.