இன்ஜின் மாற்றிய பிறகு ஸ்டார்ட் ஆகாத ஸ்விஃப்ட் டீசல்

வேறு இன்ஜின் ஏற்றிய கார், செல்ஃப் சுற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "வாங்கின இன்ஜினே சரியில்லை, திருப்பிக் கொடுத்துடுங்க." என் ஸ்விஃப்ட் டீசலுக்கும் இதையேதான் சொன்னார்கள். அப்படித் திருப்பிக் கொடுத்திருந்தால் நல்ல இன்ஜின் ஒன்று கைவிட்டுப் போயிருக்கும். மல்டிமீட்டரும் ஸ்கேனரும் நான்கு சின்ன பாட்டில்களும்தான் அதைக் காப்பாற்றின. இதே நிலையில் ஒர்க்ஷாப்பில் வண்டியை விட்டுவிட்டுத் தவித்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்பதால், எங்கள் வண்டியில் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சாலையில் கிடந்த கல் ஆயில் சம்ப்பில் அடித்து, ஆயில் முழுக்க வடிந்து, பேரிங் பிடித்துக்கொண்டது. கிராங்க், கனெக்டிங் ராடு எல்லாம் போய்விட்டதால் ரீபோர் செய்வதைவிட வேறு இன்ஜின் ஏற்றுவது மலிவு என்று முடிவானது. ஸ்விஃப்ட் டீசலில் இருக்கும் இந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின் கிடைப்பதற்கும் சிரமம் இல்லை. ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கிய 1248 சிசி இன்ஜின் இது. 2003இல் ஐரோப்பாவில் வந்தது. நம் ஊரில் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியது. பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த 2020 வரை மாருதி இதை விற்றது. பழைய வண்டி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கேட்டால் ஏதாவது ஒரு கடையில் இருக்கும்.

ஆனால் இன்ஜின் ஒன்றுதான் என்று எந்த வண்டியிலிருந்து வேண்டுமானாலும் எடுத்துவிடக் கூடாது. மேலே மாட்டியிருக்கும் சென்சார்கள், வயரிங் கனெக்டர்கள், மவுன்ட்டிங் எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் விபத்தில் பின்பக்கம் நசுங்கிய இன்னொரு ஸ்விஃப்ட்டின் இன்ஜினைத் தேடி வாங்கினோம். கிராங்க் புல்லியில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்த்தோம். சீராகச் சுற்றியது, எங்கும் பிடிக்கவில்லை. சென்சார்கள் எல்லாவற்றையும் எங்கள் பழைய இன்ஜினிலிருந்தே எடுத்து இதில் மாட்டினார் மெக்கானிக் அண்ணன். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவும் எங்களுடையதேதான். சாவியில் இருக்கும் சிப்பும் ஈசியுவும் பழைய ஜோடி என்பதால் வேறு சாவியில் ஸ்டார்ட் ஆகவிடாமல் தடுக்கும் இம்மொபிலைசரால் பிரச்சினை வராது. டாஷ்போர்டில் அந்த விளக்கும் ஒழுங்காக அணைந்தது.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றியது. ஸ்டார்ட் ஆகவில்லை. சைலன்சரில் துளி புகைகூட இல்லை.

இந்த "புகை இல்லை" என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதுதான் முதல் தடயமாகத் தெரிந்தது. டீசல் உள்ளே போய், எரியாமல் வெளியே வந்தால் வெள்ளையாகப் புகை வரும். அப்போது கம்ப்ரஷன், டைமிங், குளோ பிளக் (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) என்று தேட வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. ஆக, வேலையில் பாதி அந்த நிமிடமே குறைந்துவிட்டது.

செல்ஃப் சுற்றும் சத்தமும் கொஞ்சம் சோம்பலாகவே இருந்தது. பேட்டரி புதுசு, மீட்டரில் 12.6 வோல்ட். ஆனாலும் பேட்டரியின் மைனஸில் ஒரு முனை, இன்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பில் மறுமுனை என்று மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அந்த இடைவெளியில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எங்களுக்கு ஒரு வோல்ட்டைத் தாண்டியது. எர்த் வயர் வந்து உட்காரும் இடத்தைக் கழற்றிப் பார்த்தால், முழுக்க வெள்ளிப் பெயின்ட். விற்பதற்காக இன்ஜினைப் பளபளப்பாக்க அடித்தது அது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது, வயரும் நல்ல வயர்தான். நடுவில் பெயின்ட் நின்றுகொண்டிருந்தது. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டியதும் வோல்ட் நன்றாக இறங்கிவிட்டது, செல்ஃப் வேகமாகச் சுற்றியது. வாங்கிய இன்ஜினில் பெயின்ட் பளபளத்தால் எர்த் பாயின்ட்டை முதலில் பாருங்கள். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரியும், மீட்டர்தான் உண்மையைச் சொல்லும்.

வேகம் வந்தது, ஸ்டார்ட் மட்டும் வரவில்லை. இந்தக் கட்டத்தில் ஒருவர் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டலாம் என்றார். இன்னொருவர் ஸ்ப்ரே அடிக்கச் சொன்னார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குளோ பிளக் சிவந்திருக்கும் டீசல் இன்ஜினில் அது நேரம் தவறிப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கும் பிஸ்டனும் உடைந்த வண்டிகள் இருக்கின்றன. துணி பிடித்தவர் கைக்கும் முகத்துக்கும் ஆபத்து. மெக்கானிக் அண்ணன் அவர்களை அனுப்பிவிட்டு, "தம்பி, ஸ்கேனரைப் போடுங்க. வண்டி என்ன சொல்லுதுன்னு கேட்போம்" என்றார்.

ஈசியுவில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் ஃபால்ட் கோடை (கோளாறு எண்ணை) மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் ஒன்றும் தெரியாது. செல்ஃப் அடிக்கும்போதே லைவ் டேட்டாவைப் பார்க்க வேண்டும். முதலில் ஆர்பிஎம்: 200ஐத் தாண்டிக் காட்டியது. ஆக, கிராங்க் சென்சார் வேலை செய்கிறது, ஈசியு இன்ஜின் சுற்றுவதைப் பார்க்கிறது. கேம், கிராங்க் ஒத்துப்போகவில்லை என்ற ஃபால்ட் கோடும் இல்லை. அடுத்தது ரெயில் பிரஷர், அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்கெல்லாம் பொதுவான குழாயில் இருக்கும் அழுத்தம். காமன் ரெயிலில் குறைந்தபட்ச அழுத்தம் ஏறாதவரை ஈசியு இன்ஜெக்டரைத் திறக்கவே செய்யாது. எங்கள் ஸ்கேனரில் ஈசியு கேட்டது 300 பார் அளவில், ரெயிலில் இருந்தது 130ஐத் தாண்டவில்லை. புகை வராததற்குக் காரணம் இதுதான்.

இங்கேதான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். பிரஷர் குறைவு என்று வந்தவுடன், ஸ்கேனர் கொண்டுவந்தவர் ஹை பிரஷர் பம்ப் போய்விட்டது, மாற்றிவிடுங்கள் என்றார். ரெயிலில் அழுத்தம் ஏறாமலிருக்க மூன்று வழி உண்டு. டீசல் பம்புக்குச் சரியாக வராமல் இருக்கலாம், பம்ப் தள்ளாமல் இருக்கலாம், தள்ளியது எங்கோ வழிந்து போகலாம். மூன்றில் எது என்று பார்க்காமல் பெரிய விலை கொடுத்துப் பம்ப் வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு ஒளி ஊடுருவும் டியூபை மாட்டினோம். குமிழ்கள் ஓடின. ஃபில்டர் மூடியின் ஓ ரிங்கை மாற்றி ஏர் எடுத்தோம் (டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம்), குமிழ் நின்றது. பிரஷர் மட்டும் அப்படியேதான். பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் கனெக்டரில் பின் எல்லாம் நேராக இருந்தது, கரன்ட்டும் வந்தது.

அப்புறம் பாட்டில்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரிலும் ரிட்டர்ன் டீசல் போகும் சின்ன முனை ஒன்று இருக்கும். அவற்றிலிருந்து தனித்தனி டியூப் எடுத்து நான்கு பாட்டிலில் விட்டோம். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், நடுவில் செல்ஃப் மோட்டார் ஆற இடம் கொடுத்துச் சுற்றினோம். நல்ல இன்ஜெக்டர் அந்த நேரத்தில் கொஞ்சம்தான் திருப்பி அனுப்பும். மூன்று பாட்டிலில் அடிப்பகுதி நனைந்ததோடு சரி. மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் குழாயைத் திறந்துவிட்டதுபோல நிரம்பியது.

உறுதி செய்துகொள்ள, ரெயிலில் அந்த இன்ஜெக்டருக்குப் போகும் வழியை மட்டும் அதற்கென்றே செய்த டம்மி நட் போட்டு அடைத்தார் அண்ணன். செல்ஃப் அடித்ததும் பிரஷர் சரசரவென்று 300ஐத் தாண்டியது. வண்டி குலுங்கிக்கொண்டே மூன்று சிலிண்டரில் ஸ்டார்ட் ஆனது! பம்ப் நல்ல பம்ப். இன்ஜினும் நல்ல இன்ஜின். அந்தச் சத்தம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் அன்றைக்கு எனக்கு அதைவிட இனிமையான சத்தம் வேறில்லை.

ஒரு எச்சரிக்கை. ரெயில் பைப்பை இன்ஜின் ஓடும்போது யாரும் தளர்த்தக் கூடாது. பழைய டீசல் வண்டிகளில் நட்டைத் தளர்த்தி ஏர் எடுத்த பழக்கத்தில் இங்கே கை வைத்தால், ஆயிரம் பாருக்கு மேல் போகக்கூடிய அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. இன்ஜினை நிறுத்தி, ரெயில் அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகே ஸ்பேனர் எடுக்க வேண்டும்.

காயலான் கடையில் அந்த மூன்றாவது இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனை மூடியில்லாமல் கிடந்ததால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கும் என்பது அண்ணனின் கணிப்பு. எங்கள் பழைய இன்ஜினின் நான்கு இன்ஜெக்டர்களையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடைக்கு அனுப்பினோம். நான்கும் தேறின. பேரிங் போகும்வரை நன்றாக ஓடிய வண்டியின் இன்ஜெக்டர்கள்தானே. இதில் இன்னொரு வசதியும் இருந்தது. பல காமன் ரெயில் வண்டிகளில் இன்ஜெக்டர் தலையில் பொறித்த குறியீட்டை ஈசியுவில் ஏற்ற வேண்டும். எங்களுக்கு இரண்டும் பழைய ஜோடி, எதையும் மாற்றி எழுதத் தேவையில்லை. கீழே போடும் செம்பு வாஷர்கள் மட்டும் புதிது. பழைய வாஷரைத் திருப்பிப் போட்டால் கம்ப்ரஷன் கசிந்து பக்கம் முழுக்கக் கரி கட்டும்.

மாட்டி, ஏர் எடுத்து, சாவியைத் திருப்பியதும் வெள்ளையாகக் கொஞ்சம் புகை விட்டு வண்டி பிடித்துக்கொண்டது. சூடேறியதும் புகையும் நின்றது. ஆயிலையும் ஃபில்டரையும் முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணன்.

இனி ஆர்டிஓ வேலை பாக்கி. ஆர்சியில் இருப்பது பழைய இன்ஜின் எண். அதை மாற்றிப் பதியாமல் ஓட்டினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகும். கடையில் இன்ஜின் எண்ணை எழுதி வாங்கிய பில்லும், அந்த எண் வந்த வண்டியின் காகித நகலும் கையில் இருக்கின்றன. இன்ஜின் வாங்கும் அன்றே அவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.