வலிக்காத புண்

சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருந்த என் பெரியப்பாவுக்கு வெற்றிலைக்குக் குறைவே இருந்ததில்லை. பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து மடித்து, புகையிலைத் துண்டோடு இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் நெடுநேரம் பேச்சே இருக்காது. சரியாக அந்த இடத்தில்தான் சுண்டைக்காய் அளவில் புண் வந்தது. "வலிக்கவே இல்லப்பா, பல்லு குத்தியிருக்கும்" என்று இரண்டு மாதம் கடத்தினார். முதலில் பார்த்த மருத்துவமனையிலும், வாய்க்குள் டார்ச் அடித்துக்கூடப் பார்க்காமல் சத்து மாத்திரை எழுதித் தந்தார்கள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை.

சூட்டினால் வருவதாக நாம் சொல்லும் வாய்ப்புண் எரியும், வலிக்கும், பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். புற்றுப்புண் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், வலியைக் கொண்டு அதை எடைபோட முடியாது. நாள்களைத்தான் எண்ண வேண்டும். மூன்று வாரத்தில் ஆறாத புண், மூன்று வாரமாகத் தெளியாத தொண்டைக்கட்டு, கழுத்தில் கரையாத கட்டி, காதில் கோளாறே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் குத்தும் காதுவலி, வாய்க்குள் வெள்ளைத் திட்டு, அதைவிட அதிகம் அஞ்ச வேண்டிய சிவப்புத் திட்டு ஆகிய எதையும் தள்ளிப்போடக் கூடாது. மூன்று விரல்களை அடுக்கி நுழைக்க முடியாதபடி வாய் இறுகுவது பாக்கின் வேலை. "வெறும் பாக்குதானே" என்பவர்களுக்காகச் சொல்கிறேன்: புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது.

பிறகு மதுரையில் பார்த்த பல் மருத்துவர், கையுறை விரலால் புண்ணின் கரையை அழுத்திப் பார்த்தார். அது கெட்டியாக இருந்தது. தாடைக்குக் கீழே நெறியும் கட்டியிருந்தது. சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்றதும், "கத்தி பட்டா பரவிரும் தம்பி" என்று பெரியம்மா மறுத்ததில் இன்னுமொரு வாரம் போயிற்று. அப்படிப் பரவுவதில்லை. மரத்துப்போக ஊசி போட்டுப் புண்ணின் ஓரத்திலிருந்து அரிசியளவு சதை எடுத்தார்கள், அவ்வளவுதான். புற்றுநோய் என்றே முடிவு வந்தது. நெறி கட்டும் முன்பே போயிருந்தால் அறுவையோடு முடிந்திருக்கலாம். இப்போது கதிர்வீச்சும் தேவைப்பட்டது.

போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது, மருத்துவர் முதலில் பார்த்தது வலது கன்னத்தைத்தான். இத்தனை வருடப் புகையிலைச் சாறு வாய் முழுக்கத்தானே ஊறியிருக்கிறது என்றார்.