கார் நிற்கிறது, நான் சைக்கிளில் போகிறேன்

எங்கள் வீட்டுக் கார் வேலை நாட்களில் இப்போது பெரும்பாலும் மாமரத்துக்குக் கீழேதான் நிற்கிறது. உருத்திரபுரத்திலிருந்து கிளிநொச்சி ரவுணுக்கு நான் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். வழியில் காண்கிற எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன, கார் பழுதோ?" அடுத்தது, "லீசிங் காசு கட்டேல்லையோ?" இரண்டும் இல்லை என்றால் நம்புகிறவர்கள் குறைவு. றோட்டில் நின்று விளங்கப்படுத்த நேரம் போதாது என்பதால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

காரை விற்கவில்லை, விற்கப்போவதும் இல்லை. இரவில் அம்மாவுக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட அது வேண்டும். மாரி மழையில் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர் நிற்கும்போதும் வேண்டும். ஆனால் கார் ஒன்று வாசலில் நின்றால் சந்திக் கடையில் சீனி வாங்கவும் அதுதான், ரியூசனுக்குப் பிள்ளையை விடவும் அதுதான், பக்கத்து ஒழுங்கையில் சாமத்திய வீட்டுக்கும் அதுதான் என்று ஆகிவிடுகிறது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, நான் பார்க்கிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது. நான் குறைக்க நினைத்தது இந்தச் சின்ன ஓட்டங்களைத்தான். பெற்றோல் வீணாகிறதும் இதில்தான். சூடேறாத இயந்திரம் கூடுதலாகக் குடிக்கும். வெயிலில் நின்ற காரின் ஸ்ரியறிங்கைத் தொட முடியாது. ஏசியை முழுதாகப் போட்டு உள்ளே குளிர்வதற்கிடையில் கடை வந்துவிடும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் இரண்டேகால் கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வெளியே போகிறது. சீனி வாங்க அது தேவையில்லை.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல் பெற்றோல் செற்றடியில் இரவிரவாக வரிசை. பிறகு பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். இந்த நாட்டில் எண்ணெய்க் கிணறு இல்லை, எரிக்கிற ஒவ்வொரு துளிக்கும் டொலர் கொடுக்க வேண்டும் என்பதை அந்த வருடம் எல்லோருக்கும் காட்டிவிட்டது. பங்கீடு 2023இல் எடுபட்டவுடன் பழையபடி எல்லா வாகனமும் றோட்டுக்கு வந்துவிட்டது.

அம்மாவுக்கு என் முடிவு பிடிக்கவில்லை. "அண்டைக்கு இல்லாமல் ஓடினம். இண்டைக்கு இருக்கேக்க ஏன் பிள்ளை? சனம் என்ன நினைக்கும்?" என்றா. அவ சொல்வதை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். தொண்ணூறுகளில் யுத்தத்தோடு அரசாங்கத்தின் பொருளாதாரத் தடையும் இருந்தது. வன்னிக்குள் பெற்றோலை விடவில்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்ன மருந்துப் போத்தலில் பொன்னைப் போலப் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதில் சில துளி விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தப் புகை மணம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. மற்றதெல்லாம் சைக்கிள்தான். நெல் மூட்டை, விறகு, காய்ச்சலில் சுருண்ட பிள்ளை, இடம்பெயர்ந்த வீட்டின் சட்டி பானை எல்லாவற்றையும் கரியரிலும் பாரிலும் கட்டிக்கொண்டு மிதித்த சனம் நாங்கள். அம்மாவின் கண்ணுக்குச் சைக்கிள் என்றால் அந்தக் காலம். அன்றைக்கு எங்களுக்கு வேறு வழி விடவில்லை. இன்றைக்கு வழிகள் இருக்கின்றன, எதை எடுப்பது என்று நானே தீர்மானிக்கிறேன். எனக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது. அத்தனை பாரம் சுமந்த சைக்கிளை இல்லாதவரின் வாகனம் என்று எங்கள் சனமே குறைவாகப் பார்ப்பது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

சேலையோடு எப்படி ஓடுகிறாய் என்று கேட்கிற பெண்களுக்கு: என்னுடையது லேடீஸ் சைக்கிள். பின்சில்லின் இரண்டு பக்கமும் வலை கட்டியிருக்கிறேன், சங்கிலியை முழுதாக மூடுகிற கவர் போட்டிருக்கிறேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினால் போதும். காலையில் வெயில் ஏற முதல் வெளிக்கிட்டால் வாய்க்கால் கரையோரம் சுகமாகப் போகலாம். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய பிறகு வீடு திரும்புவதுதான் கஷ்டம். எதிர்க்காற்றில் பெடல் கல்லாகிவிடும். அந்த மாதங்களில் அரைமணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். காலபோக அறுவடை நேரம் றோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயும், இறங்கி உருட்டத்தான் வேண்டும். பொழுதுபட்டால் மாடுகள் சூடான காப்பெற் றோட்டில் படுத்துவிடும். கறுப்பு மாடு கிட்டப் போகும் வரைக்கும் தெரியாது. ஆகவே டைனமோவை நம்பாமல் நல்ல பற்றரி லைற் ஒன்று வாங்குங்கள், பின்னுக்கும் சிவப்பு லைற் பூட்டுங்கள்.

மகள் பள்ளிக்கூடத்துக்குச் சிநேகிதிகளோடு கூட்டமாகச் சைக்கிளில் போகிறாள். பின்னேர ரியூசன் இருட்டில் முடிகிற நாட்களில் மட்டும் இவர் காரில் போய் ஏற்றி வருவார், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து வரும். லைற் இல்லாத ஒழுங்கையில் பொம்பிளைப்பிள்ளையைத் தனிய விட நான் ஆயத்தமில்லை. பெற்றோல் மிச்சத்துக்காக அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தூரப் பயணத்துக்கு ஏ9 என்கிற கண்டி–யாழ்ப்பாணம் பெரிய றோட்டு பக்கத்தில் இருப்பது எங்களுக்குப் பெரிய வசதி. யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பஸ் தேடி அலையத் தேவையில்லை. 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு வந்து, அடுத்த வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போனது. அந்தத் தண்டவாளம் இல்லாமல் இத்தனை வருடம் இருந்த நாங்கள், கொழும்புக்கு என்றவுடன் ஹயஸ் வான் பிடிப்பது எனக்குப் பொறுக்கவில்லை. முல்லைத்தீவுப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை பொருந்தாது. பின்னேரம் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும் வரைக்கும் அங்கே யாரையும் மோட்டார் சைக்கிளை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. பொழுதுபட்ட பிறகும் ஒரு பஸ் கட்டாயம் ஓடும் என்ற நம்பிக்கைதான் முதலில் வேண்டும்.

யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போகிறவர்கள் எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் இருக்கிறார்கள். இப்போது திகதிகளை ஒருவருக்கொருவர் சொல்லி, ஒத்துவரும் நாளில் ஒரே காரில் போகிறோம், பெற்றோல் காசைப் பிரிக்கிறோம். முந்தி ஆளுக்கொரு ஓட்டோவும் காரும் போன வேலை இது.

கந்தோரில் நான் கேட்டிருப்பது ஒன்றுதான்: சைக்கிள் விட ஒரு கூரை. கார்களுக்குத் தகரக் கொட்டில் இருக்கிறது. சைக்கிள்கள் வெயிலில் நின்று சீற் வெடிக்கிறது, ரயர் காய்கிறது. கடிதம் கொடுத்திருக்கிறேன். என்னோடு வேலை செய்கிற இரண்டு பிள்ளைகள், கொட்டில் வந்தால் தாங்களும் சைக்கிளில் வருவோம் என்று சொல்லி அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.