பசித்தவன் சொன்ன விருந்து

சென்ற மாதம் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வரவேற்பில், நெடுநேரம் வரிசையில் நின்று மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கிய பிறகு, மூன்றாம் பந்தியில் எனக்கு இடம் கிடைத்தது. இலையில் இருந்தவற்றை எண்ணத் தொடங்கி 23 வரை வந்தேன். அதற்குள் புதிதாக இரண்டு விழுந்துவிட்டதால் எண்ணுவதைக் கைவிட்டேன். இது போதாதென்று மண்டபத்தின் மறுகோடியில் பானிபூரிக்கும் ஐஸ்கிரீமுக்கும் பீடாவுக்கும் தனித்தனி மேசைகள் போட்டிருந்தார்கள். பாதி இலை அப்படியே இருக்க நான் எழுந்திருக்க முயன்றபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் என் கையைப் பிடித்து, “சார், இலையை மூடிடாதீங்க, பால் பாயசம் இன்னும் வரலை” என்றார். பாயசத்தையும் முடித்துக் கை கழுவித் திரும்பும்போது, இலை எடுக்கும் அம்மா ஒருவர் மேசையில் விரித்திருந்த தாளோடு இலைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வோர் இலையையும் சுருட்டுவதற்கு முன்னால் ஒரு கணம் நின்று, கை படாத ஜாங்கிரி இருந்தால் மட்டும் எடுத்து, இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக்கொண்டார்.

இலக்கியத்திலும் ஓவியத்திலும் வரும் களியாட்டங்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். எங்கே தொடங்குவது என்பதை அந்த இலைகள்தாம் காட்டின. ஒரு விருந்து வாழ்வாகத் தெரிவதும் சீரழிவாகத் தெரிவதும், அதைச் சொல்கிறவன் எந்த வயிற்றோடு பந்திக்கு வந்தான் என்பதைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

முடத்தாமக் கண்ணியாரின் பொருநராற்றுப்படையை எடுத்துக்கொள்ளுங்கள். கரிகால் சோழனின் அரண்மனைக்குள் நுழையும் பொருநன், பாடிப் பரிசில் பெறும் கலைஞன், உடுத்தியிருந்தது, ஈரும் பேனும் குடியேறி, வேர்வையில் நனைந்து, வேறு வேறு நூல் ஓடித் தைத்த கந்தல். அதைக் களைந்துவிட்டு, பார்வை நுழைய முடியாத நுண்மையுடைய, பாம்பின் உரி போன்ற துணியை அவனுக்குக் கொடுக்கிறார்கள். பிறகு கள், பிறகு இறைச்சி, மறுபடியும் இறைச்சி. “கொல்லை உழுகொழு ஏய்ப்பப் பல்லே எல்லையும் இரவும் ஊன்தின்று மழுங்கி” என்கிறான். கொல்லையை உழுது உழுது தேய்ந்த கலப்பைக் கொழுவைப் போலப் பகலும் இரவும் ஊன் தின்றே பற்கள் மழுங்கிவிட்டனவாம். மூச்சு விடக்கூட வயிற்றில் இடமில்லாமல் சோறே வெறுத்துப்போன பிறகுதான், ஊருக்குப் போகிறேன் என்று அரசனிடம் விடை கேட்கிறான். ரோமானியப் பேரரசைப் பற்றி யாரேனும் இப்படி எழுதியிருந்தால் வீழ்ச்சியின் அடையாளம் என்று குறித்திருப்போம். இங்கே அந்த எண்ணமே எழுவதில்லை. உழுகின்ற கொழுவைத் தன் பல்லுக்கு உவமையாகத் தேடிப் பிடிக்கிறவனுக்குத் தின்பதும் ஓர் உழைப்பாகவே இருந்திருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வாய் ஒன்று பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. ஹுய்ஸ்மான்ஸ் 1884-இல் வெளியிட்ட ‘ஆ ரெபூர்’ என்ற நாவலின் நாயகன், பாரிஸ் வாழ்க்கை சலித்துப்போய் நகருக்கு வெளியே ஒரு வீட்டில் தன்னை அடைத்துக்கொண்ட பிரபு. தரை விரிப்பின் நிறங்களை எடுத்துக்காட்டுவதற்காக ஓர் ஆமையை வாங்கி, அதன் ஓட்டுக்குப் பொன் பூசி, அதுவும் போதாமல் அரிய கற்களைப் பதிக்கச் செய்கிறான். அந்தப் பகட்டின் சுமை தாங்காமல் ஆமை செத்துப்போகிறது. நாவலின் இறுதிப் பகுதியில் அவன் வயிறு எந்த உணவையும் ஏற்காமல் போக, மருத்துவர் ஊட்டச் சத்தை எனிமாவாகச் செலுத்தச் சொல்கிறார். இயற்கைக்கு மாறான வாழ்க்கையின் உச்சத்தை எட்டிவிட்டோம் என்று அவன் மகிழ்ந்துபோகிறான். தின்று தின்று பல் மழுங்கிய பொருநனுக்கும், பல்லே தேவைப்படாத நிலையைச் சாதனையாகக் கருதும் இந்தப் பிரபுவுக்கும் இடையில் உள்ள தொலைவைத்தான் சீரழிவு என்று நான் புரிந்துகொள்கிறேன். (ஆமைக்காக நான் வருந்திய அளவுக்கு அவனுக்காக வருந்தவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

கம்பர் இந்தக் கணக்குக்குள் எளிதில் அடங்குவதில்லை. மிதிலைத் திருமணத்துக்குத் தயரதனின் சேனை போகும் வழியில், கதை நகர வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, பூக்கொய்தலுக்கும் நீர்விளையாட்டுக்கும் பிறகு உண்டாட்டுக்கென்றே, அதாவது கள் குடித்துக் களிப்பதற்கென்றே, ஒரு முழுப் படலத்தை எழுதுகிறார். அதில் ஒரு பெண் தன் கள் கிண்ணத்தில் நிலவின் நிழலைக் கண்டு, வானத்துப் பாம்புக்கு அஞ்சி வந்து இங்கே ஒளிந்துகொண்டாயா, அஞ்சாதே, அபயம் தந்தேன் என்று அதனோடு இனிமையாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். குடித்தவர்களைப் பற்றி இத்தனை கனிவாக எழுதப்பட்ட வேறொரு பாடலை நான் படித்ததில்லை. அதே கம்பர், கிட்கிந்தா காண்டத்தில் சுக்கிரீவன் குடித்துவிட்டு வாக்கை மறந்து கிடந்தபோது, தாய் இவள், மனைவி இவள் என்ற தெளிவுகூட இல்லாதவனுக்குத் தருமம் ஏது என்று அவன் வாயாலேயே நொந்துகொள்ள வைக்கிறார். இரண்டும் ஒரே கள்தான். அயோத்திப் பெண்ணுக்கு அந்த இரவில் காக்க வேண்டிய வாக்கு எதுவும் இல்லை.

அறம் சொல்ல வருகிறவர்களின் களியாட்டம் வேறு வகை. தாமஸ் கூத்தூர் 1847-இல் காட்சிக்கு வைத்த ‘சீரழிவுக் கால ரோமானியர்’ என்ற ஓவியம் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழ எட்டு மீட்டர் நீளம். வலது ஓரத்தில் இரண்டு பேர் முகம் சுளித்து நின்றுகொண்டிருக்கிறார்கள். ஓவியத்தின் நீதி அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த இடம் எவ்வளவு, நடுவில் சாய்ந்து கிடக்கும் உடல்களுக்குக் கொடுத்த இடம் எவ்வளவு என்று பாருங்கள். சுளித்த முகம் இரண்டை ஓரத்தில் நிறுத்திவிட்டால் மற்றதையெல்லாம் ஆசை தீர வரைந்துகொள்ளலாம் என்பது அந்த ஓவியருக்குத் தெரிந்திருக்கிறது. நம் ஊரிலும் அப்படித்தான். 1954-இல் வந்த ‘ரத்தக் கண்ணீர்’ படத்தைத் தொலைக்காட்சியில் போடும்போதெல்லாம், திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் என் தந்தையார் எம்.ஆர்.ராதாவின் திமிர்ப் பேச்சுக்கு வாய்விட்டுச் சிரிப்பார். ராதா நடித்த மோகன் குஷ்டம் பிடித்துத் தெருவுக்கு வந்ததும், வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவார். தண்டனையை அவர் ஒருநாளும் முழுதாகப் பார்த்ததில்லை.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் இந்தத் தந்திரத்தைக் கையாளவில்லை. அவர் விலையை மட்டும் சொல்கிறார். மாதவியின் மாலைக்கு ஆயிரத்தெட்டுக் கழஞ்சு (அக்கால எடை அளவு) பொன். தியாகராய நகர் நகைக்கடையில் பில் போடுகிறவரைப் போல எண்ணைத் துல்லியமாகக் குறித்துவிட்டு, கோவலனை ஒரு சொல்கூடக் கடியாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார். முன்னோர் தேடித் தந்த பொருட்குன்றத்தைத் தொலைத்துவிட்டேன் என்று அவனே கண்ணகியிடம் வந்து சொல்லும்போது, நமக்கு அந்த எண் நினைவுக்கு வருகிறது.

கோவலன் வாழ்ந்த புகார் நகரைப் பற்றிய இன்னொரு காட்சியைப் பல முறை படித்திருக்கிறேன். பட்டினப்பாலையில், முற்றத்தில் காயும் தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்ட, பெண்கள் காதில் இருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது கிடந்து, சிறுவர்கள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியை மறிக்கிறது. பெட்ரோனியஸ் எழுதிய லத்தீன் கதையிலும் இதைப் போன்ற காட்சி ஒன்று உண்டு. அடிமையாக இருந்து செல்வனான திரிமால்கியோவின் விருந்தில் வெள்ளித் தட்டு ஒன்று கீழே விழுகிறது. அதைக் குனிந்து எடுத்த சிறுவனை அறையச் சொல்லி, தட்டை மறுபடியும் கீழே போடச் செய்கிறான் திரிமால்கியோ. குப்பையோடு குப்பையாக அதைப் பெருக்கித் தள்ளுகிறார்கள். நீரோவின் அவையில் ரசனைக்கு அதிபதியாக இருந்தவர் என்று கருதப்படும் பெட்ரோனியஸ், நேற்றுவரை பசித்திருந்த ஒருவனின் பகட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் சிரிக்கவில்லை; குழையைத் திரும்ப எடுத்தது யார் என்று சொல்லவும் இல்லை. பெண்களே எடுத்திருப்பார்களா, முற்றம் பெருக்க வந்தவள் எடுத்திருப்பாளா என்று நான்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று மண்டபத்தின் படியில் என் மனைவிக்காகக் காத்திருந்தபோது, அந்த அம்மா வேலையை முடித்துவிட்டு வெளியே வந்தார். கவரை நான் பார்த்ததை அவரும் கவனித்துவிட்டார். “பேரனுக்குங்க. ஜாங்கிரின்னா உசுரு. பாதுஷாவைக் கொண்டுபோனா தொடவே மாட்டான்” என்று சொல்லிவிட்டு, பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.